பதினோராம் பக்கத்து லித்துவேனியா

பார்க்கிங், கிழக்கு லண்டன்,
15 ஒக்ரோபர் 2025, புதன்கிழமை

மதிப்புக்குரிய ஆசிரியர் சயந்தினி அவர்கட்கு,

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்க லண்டன் கிளையின் நிர்வாகக் குழு, தவணை முடிய ஒரு வருடம் இருக்கக் கலைக்கப்பட்டுவிட்டது. முன்கூட்டிய தேர்தல் நவம்பர் முதலாம் திகதி, சனிக்கிழமை. செயலாளர் கனகலிங்கம் இதை நேற்று மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கிளையின் வட்சப் குழுவில் அறிவித்தார். ஆறு இருபதுக்கு நான் தொலைபேசியில் கேட்டபோது, "ஓம் அண்ணை, நான் போட்டதுதான்" என்று உறுதிப்படுத்தினார்.

சுகம் கேட்காமல் செய்தியில் தொடங்கியதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பத்தாறு வருடமாக நிருபராக இருந்தவனுக்குக் கடிதம் எழுதவும் அந்த ஒரு வழிதான் தெரியும். தாங்களும் கணவரும் பிள்ளைகளும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் மனைவி மெற்றில்டாவும் சுகம், அவவின் இடது முழங்கால் நீங்கலாக.

கனகலிங்கத்தின் அறிவித்தலில் மூன்றாவது வரி இப்படி இருக்கிறது: "முன்மாதிரி: லித்துவேனியா, 1923. பார்க்க, பக்கம் 11." அந்தப் பக்கம் உங்கள் இதழின் இந்த மாதப் பதினோராம் பக்கம். அதை எழுதியவன் நான். ஆகவே ஒரு திருத்தம் கேட்டு இதை எழுதுகிறேன். இதழ் அடுத்த மாதம்தான் வரும் என்பது தெரியும். உங்கள் இணையப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன்னர் போட்டால் போதும். ஏன் ஐந்து மணி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். என்ன திருத்த வேண்டும் என்று கேட்பீர்கள். கட்டுரையில் ஒரு பிழையும் இல்லை. வாசித்தவர்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கட்டுரையில் இருந்தது இவ்வளவுதான். 1922 இல் லித்துவேனியா தன் புதிய யாப்பின்படி நாடாளுமன்றம் ஒன்றைத் தெரிவுசெய்தது. எழுபத்தெட்டு இடங்கள். பெரிய அணிக்குக் கிடைத்தது முப்பத்தெட்டு, அதாவது சரிபாதிக்கும் ஒன்று குறைவு. நிலையான அரசாங்கம் அமைக்க எவராலும் முடியவில்லை. அடுத்த மார்ச்சில் குடியரசுத் தலைவர் மன்றத்தைக் கலைத்தார். மே மாதத்தில் முன்கூட்டிய தேர்தல் நடந்தது. அதே அணி இரண்டு இடம் கூடப் பெற்று, நாற்பதோடு, மட்டுமட்டான பெரும்பான்மையுடன் திரும்பியது. கடைசிப் பந்தியில் மிச்சக் கதையைச் சொன்னேன்: 1926 இல் அந்தப் பெரும்பான்மை போனது, அந்த வருடக் கடைசியில் இராணுவத்தினர் ஆட்சியைக் கவிழ்த்தார்கள், அடுத்த வருடம் மன்றம் கலைக்கப்பட்டது, பிறகு பல வருடங்கள் கூட்டப்படவில்லை. அதற்குக் கீழே என்னுடைய சொந்த வசனம் ஒன்று: "மட்டுமட்டாகக் கிடைத்ததைக் கட்டிக் காப்பதிலேயே பொழுதைக் கழித்தவர்களுக்கு, எப்போது எழுந்து போவது என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை."

இதை ஏன் எழுதினேன் என்பதற்கும் நேரான காரணம் உண்டு. எங்கள் மேல்மாடியில் யூர்கிஸ் என்ற லித்துவேனியர் இருக்கிறார். குளியலறைகளுக்கு ரைல்ஸ் பதிக்கிறவர். கோடையில் எங்கள் குளியலறையைச் செய்ய வந்தபோது, தன் பூட்டியார் 1923 இல் வாக்களிக்கப் போன நாளில் எடுத்த படத்தைத் தொலைபேசியில் காட்டினார். ஒரு மர வண்டி, ஏழு பேர், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. பூட்டியார் மட்டும் சிரிக்கவில்லை. "அவவுக்கு அது எட்டு மாதத்துக்குள் இரண்டாவது தேர்தல்" என்றார் யூர்கிஸ். அந்த முகத்துக்காகத்தான் நான் நூலகத்துக்குப் போனேன். இரண்டு நூல்களில் ஒத்துப்பார்த்த பின்னரே எழுதினேன்.

இப்போது கிளையின் நிலைமை. இந்த மார்கழி இராவிருந்தைக் கிழக்கு லண்டனில் இல்ஃபோர்டில் வைப்பதா, தெற்கே குரோய்டனில் வைப்பதா என்பதே பிரச்சினை. ஓகஸ்ற் 31 ஆம் திகதிக் கூட்டத்தில் மூன்று முறை வாக்கெடுத்தார்கள். மூன்று முறையும் எட்டுக்கு எட்டு. யாப்பில் தலைவருக்கு மேலதிக வாக்கு இல்லை. அதை எழுதியவர்கள் பழைய மாணவர்களுக்குள் சரிபாதியாகப் பிளவு வரும் என்று நினைத்திருக்கவில்லை. தலைவர் பாலேந்திரா இல்ஃபோர்ட்காரர். கனகலிங்கம் குரோய்டன். நான் வழக்கம்போலப் பின்வரிசையில் குறிப்புப் புத்தகத்துடன் இருந்தேன். ஆனால் கட்டுரை எழுதும்போது இந்தக் கூட்டம் என் நினைவில் ஒரு கணமும் வரவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நான் கேட்கும் திருத்தத்தின் சாரமே இதுதான்.

ஒக்ரோபர் ஐந்தாம் திகதி, ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் எமில்டா என்னைப் பிடித்தா. பாடற்குழுவில் முதல் குரல் பாடுகிறவ.

"பெனடிக்ற் அண்ணை, நல்லாக் குடுத்திருக்கிறியள். பேர் சொல்லாமலே குடுத்திருக்கிறியள்."

"எதைப் பிள்ளை?"

"எங்களுக்கு விளங்காதே? அந்த முப்பத்தெட்டுப் பேர் ஆரெண்டு நானும் அவரும் இருந்து எண்ணினனாங்கள். குடும்பங்களையும் சேத்தா முப்பத்தேழு வருது. மற்ற ஆள் ஆர்?"

"அது லித்துவேனியாப் பிள்ளை."

"ஓம், ஓம். சேர்ச் வாசல்ல நிண்டு சொல்ல ஏலாதுதான்."

அன்று பின்னேரம் கனகலிங்கம் எடுத்தார். "அண்ணை, ஒரு பக்கத்தில இல்ஃபோர்ட் ஆக்களை இருத்தி எழுப்பீட்டியள். நாங்கள் நாலைஞ்சு பேர் குரோய்டனில கூடியிருந்து சத்தமா வாசிச்சனாங்கள். கடைசிப் பந்தியை ரெண்டுதரம் வாசிச்சனாங்கள்." அவர் வைத்து இருபது நிமிடத்துக்குள் இல்ஃபோர்ட் பக்கத்திலிருந்து மூன்று அழைப்புகள். 'அதே அணி திரும்பியது' என்ற வரிக்காக மூவரும் தனித்தனியே நன்றி சொன்னார்கள். ஒரே கட்டுரைக்காக இரண்டு அணிகளும் நன்றி சொல்வது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. நான் பயந்துபோனேன்.

திங்கட்கிழமை காலை வட்சப் குழுவில் ஒரு விளக்கம் போட்டேன். "லித்துவேனியா என்பது லித்துவேனியாவே. வேறு எந்த ஊரோ சங்கமோ குறிக்கப்படவில்லை. பெனடிக்ற்." நாற்பத்து மூன்று பேர் பெருவிரல் உயர்த்தினார்கள். பதினொரு பேர் கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் போட்டார்கள். ஒருவர் எழுதினார்: "பொலிவியா என்பதும் பொலிவியாவே."

இந்தப் பொலிவியாவை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள், பிள்ளை. நீங்கள் பிறக்கவில்லை. எண்பதுகளில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் 'உலகவலம்' என்றொரு பத்தி எழுதினேன். அப்போது ஊரில் நடந்ததை ஊரின் பெயர் சொல்லி எழுத முடியாது. தணிக்கை அலுவலகத்துக்கு ஒருபுறம் பதில் சொல்ல வேண்டும். துவக்கு வைத்திருந்த மற்றவர்களுக்கு இன்னொரு புறம். அதனால் எங்கள் சந்தியில் நடந்தது கௌதமாலாவில் நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமற் போனது பரகுவேயில். நாட்டின் பெயர் தவிர மற்றதெல்லாம் சரியான செய்தி. சனமும் அப்படியே வாசித்தது. காலையில் கடையில் பேப்பரைப் பிரித்து, "பரகுவேயில என்னவாம்?" என்று கேட்டால், கேட்டவருக்கு எந்த வார்ட்டு என்பதும் தெரியும்.

ஒருநாள் பொலிவியாவில் மீனவர்களைக் கடற்கரையில் வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள் என்று எழுதினேன். அடுத்த நாட்காலை, எனக்குப் பழக்கமில்லாத ஒரு பூகோள ஆசிரியர் சைக்கிளில் அலுவலக வாசலுக்கு வந்தார். "நீரே உலகவலம் எழுதுறது? பொலிவியாவுக்குக் கடல் இல்லை ஐசே. இது ஆரின்ரையாவது கண்ணில பட்டா, எந்தக் கடற்கரை எண்டு கேக்கப் போறாங்கள். இனி நாடு தெரியிறதெண்டா முதல் என்னட்டை வாரும்." அவர்தான் பாலேந்திரா. அன்றிலிருந்து அடுத்த ஆறு வருடம் நாடுகளை அவர் தெரிந்து தந்தார், கரையா மலையா பார்த்து. அவரால் நான் உயிரோடிருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையல்ல. இதற்கு வேறு மூலமும் தேவையில்லை.

என்னுடைய சிக்கல் இப்போது விளங்கும். எழுதாததை வாசிக்க ஒரு சனத்தைப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பழக்கத்தால் அன்று பலர் தப்பினார்கள். இன்று, யார் பெயரையும் சொல்லி எதையும் எழுதக்கூடிய நகரத்தில் இருந்துகொண்டு, தயவுசெய்து எழுதியதை மட்டும் வாசியுங்கள் என்று கேட்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். கடைசி வருடங்களில் நாங்கள் எழுதியதற்குக் கீழே, 'இது முற்றிலும் வெளிநாட்டுச் செய்தி' என்று ஒரு குறிப்பும் போடுவோம். அந்தக் குறிப்பைக் கண்டால்தான் சனம் கவனமாக வாசிக்கும். திங்கட்கிழமை நான் வட்சப்பில் போட்டதும் அச்சொட்டாக அதே குறிப்புத்தான். போட்ட பின்னர்தான் எனக்கு உறைத்தது.

சொல்லி நம்பாதவர்களுக்கு ஆளைக் காட்டலாம் என்று, ஒக்ரோபர் 12 ஆம் திகதி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு யூர்கிஸைக் கூட்டிக்கொண்டு போனேன். மெற்றில்டா வேண்டாம் என்றா. "அந்த மனுசன் பாவம். ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்ளட்டும்" என்றா. நான் கேட்கவில்லை. யூர்கிஸ் கடவுச்சீட்டுடன் வந்தார். கனகலிங்கம் அதை வாங்கி, படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆள் சரி. லித்துவேனியாதான். ஆனா இவர் எந்தப் பக்கம்?"

நான் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னேன். தான் ரைல்ஸ் பதிக்கிறவர் என்றார் யூர்கிஸ்.

"நடுநிலை எண்டு சொல்லுறார்" என்றார் கனகலிங்கம்.

அவருக்கு இரண்டு வடையும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். பிறகு இல்ஃபோர்ட் வரிசையிலிருந்து ஒருவர், அந்த மே மாதம் யார் வென்றது என்று கேட்டார். யூர்கிஸ் உள்ளதைச் சொன்னார்: அதே ஆட்கள், இரண்டு இடம் கூட. இல்ஃபோர்ட் வரிசை கைதட்டியது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று குரோய்டன் வரிசை கேட்டது. மூன்று வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார் யூர்கிஸ். குரோய்டன் வரிசை கைதட்டியது. இப்படி இரண்டு பக்கமும் தங்களுக்குத்தான் வெற்றி என்று நம்பிக் குழுவைக் கலைக்கக் கை உயர்த்தின. கைகளை எண்ணினேன். பதினைந்து. கலைப்பதற்கு யாப்பில் ஒரு பிரிவும் இல்லாததால் லித்துவேனியாவையே பிரிவாக எடுத்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று. எட்டுக்கு எட்டாக நின்ற குழு ஏறக்குறைய ஏகமனதாகச் செய்த ஒரே காரியம் தன்னைத்தானே கலைத்தது. அப்படியொரு நாடு உண்டென்று கனகலிங்கம் எழுத்தில் ஏற்றுக்கொண்டதும் அறிவித்தலின் அந்த மூன்றாவது வரியில் மட்டும்தான்.

உயராத ஒரு கை பாலேந்திராவுடையது.

கூட்டம் முடிந்து யூர்கிஸ் ரயிலுக்குப் போனார். நானும் பாலேந்திராவும் பஸ் தரிப்பு வரை நடந்தோம். அவர் நேரே பார்த்தபடி பேசினார்.

"நல்லா எழுதியிருக்கிறீர். கடைசி வசனம் நல்ல வசனம்."

"அது லித்துவேனியா, பாலா. நீர் பூகோளம் படிப்பிச்சனீர். உமக்கு அது எங்க இருக்கெண்டு தெரியும்."

"பால்டிக் கடல் கரையில. கடல் சரியா இருக்கு, அதையும் பாத்தனான்."

"பிறகென்ன?"

"எழுந்து போகச் சொல்லுறீர். நேர சொல்லியிருக்கலாம். நாங்கள் ரெண்டு பேரும் எத்தினை தேத்தண்ணி குடிக்கிறம். பதினோராம் பக்கத்துக்குப் போயிருக்கத் தேவையில்லை."

"நான் உம்மைச் சொல்லேல்லை."

"நாப்பது வருசமா உம்மை வாசிக்கிறன், பெனடிக்ற்" என்றார். பஸ் வந்தது. ஏறினார். தேர்தலில் தான் நிற்கப்போவதில்லை என்று படியில் நின்று சொன்னார். சாரதி கதவைச் சாத்தினார்.

இங்கேதான் பிரச்சினை சிரிப்பாக இல்லாமற் போகிறது. பாலேந்திராவின் மனைவி வசந்தமலர் இந்தத் தை மாதம் காலமானா. பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வருவது கிளைக்காக மட்டும்தான். மண்டபம் பார்க்க, கடிதம் கொடுக்க, ஆளுக்காள் கோபம் தீர்க்க. கிளை போனால் அவருக்கு வீடும் அந்தத் தொலைக்காட்சியும்தான் மிச்சம். ஒவ்வொரு காலையும் எட்டு மணிக்கு எனக்கு எடுத்து, அன்றைய செய்தியில் எதை நம்பலாம் என்று கேட்பார். திங்கள் எடுக்கவில்லை. செவ்வாய் எடுக்கவில்லை. இன்றும் எடுக்கவில்லை. நான் எடுத்தால் மணி அடிக்கிறது, ஆள் இல்லை. என்னைக் காப்பாற்றிய மனிதரை நான் ஒரு கட்டுரையால் வீட்டுக்குள் தள்ளிவிட்டேன் என்று நினைக்கச் சோறு இறங்குதில்லைப் பிள்ளை.

வேட்புமனு ஏற்கும் கடைசி நேரம் வெள்ளி மாலை ஐந்து மணி. அதற்குள் நீங்கள் இணையத்தில் இதைப் போட்டால் அவர் மனம் மாறக்கூடும்: "ஒக்ரோபர் இதழின் 11 ஆம் பக்கக் கட்டுரையின் கடைசி வசனம் 1926 ஆம் ஆண்டின் லித்துவேனிய அரசியல்வாதிகளை மட்டுமே குறிக்கும். லண்டனில் வசிக்கும் எவரையும் எங்கிருந்தும் எழுந்து போகும்படி கட்டுரையாளர் கேட்கவில்லை; கேட்க நினைக்கவுமில்லை." இதைக் கட்டம் கட்டிப் போடவும். திருத்தம் என்று தலைப்பு வேண்டாம். 'முற்றிலும் வெளிநாட்டுச் செய்தி' என்றும் தவறியும் எழுத வேண்டாம்.

உங்கள் இதழ் மாதந்தவறாமல் வரவும், அச்சகத்தார் சொன்ன நாளில் தரவும், பிள்ளைகள் இருவரும் தமிழில் சண்டை பிடிக்கும் அளவுக்கு வளரவும் ஆண்டவரை மன்றாடுகிறேன். மெற்றில்டாவும் தன் அன்பைச் சொல்லச் சொன்னா.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
பெனடிக்ற்

பி.கு.: கடிதத்தை உறையில் இடுமுன் மெற்றில்டாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தா. "எல்லாம் சரி. கடைசி வசனத்தை மட்டும் எந்தப் புத்தகத்தில பாத்து எழுதினீங்கள்?" என்று கேட்டா. ஒரு புத்தகத்திலும் இல்லை என்றேன். "அப்ப லித்துவேனியாவுக்கு அது எப்பிடித் தெரியும்?" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. நான் என் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வசனம் ஓகஸ்ற் 31 ஆம் திகதிப் பக்கத்தில், மூன்றாவது வாக்கெடுப்புக்குக் கீழே, பென்சிலால் எழுதியிருக்கிறது. நான் நூலகத்துக்குப் போனது செப்ரெம்பர் நான்காம் திகதி. அந்த ஓகஸ்ற் 31 கூட்டம் முடிந்ததும் எல்லாரும் இராவிருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று படிவம் நிரப்பினார்கள். பாலேந்திரா வழக்கம்போல 'இரண்டு' என்று எழுதினார். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டவில்லை. அப்படியே மடித்து மற்றப் படிவங்களோடு வைத்துவிட்டு, மண்டபக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். இந்தச் சனத்தின் சாப்பாட்டுச் சண்டையை விட்டுவிட்டு இந்த மனிதர் ஒருமுறை இருந்து அழவேண்டும் என்று எனக்குப் பட்டது. நேரே சொல்லத் துணிவு வரவில்லை. நாடு தேடிப் போனேன்.

ஆகவே மேலே எழுதியதில் யூர்கிஸும் எண்களும் தவிர மிச்சத்தை நம்ப வேண்டாம். பாலேந்திரா சரியாகத்தான் வாசித்திருக்கிறார். திருத்தம் போட வேண்டாம். நாளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இல்ஃபோர்டில் அவர் வீட்டுக்குப் போகிறேன், பேப்பர் ஒன்றும் கொண்டுபோகாமல். போகிறேன் என்று செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை. உள்ளே விடுவாரா என்பது நாளை பத்தேகாலுக்குள் தெரியவரும்.